வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்ட மழை

மான்செஸ்டர்,
ஆனி 20

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பா அவர்களுக்கு, நமஸ்காரம்.

இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், சித்தியின் முழங்கால் வலி தணிந்ததா என்பதையும் அறிய ஆவல். "அவ்வூரில் மழை எப்படி?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை எழுத உட்கார்ந்தவன், மழையைச் சொல்வதற்கு முன் இவ்வூரார் அதற்கு வைத்திருக்கும் வினைச்சொற்களைச் சொல்லியாக வேண்டும் என்று கண்டு, இரண்டாவது காகிதத்தையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. சென்னைப் பட்டணத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்குப் பேர்போன இந்த மான்செஸ்டரிலோ 800க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்து மழை, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரைப்போல ஆரவாரத்துடன் வந்து, இருக்கிறதில் பெரும்பகுதியை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இவ்வூர் மழையோ தன் அற்ப ஆஸ்தியை ஏறத்தாழ 150 நாட்களுக்குப் பங்கிட்டுக்கொண்டு, சத்தமும் போடாமல், ஊருக்கும் போகாமல், வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது.

இந்த மாப்பிள்ளையின் சுபாவத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டிரிஸில்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் இச்சொல், 'விழுதல்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் வழிவந்ததாக இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் ஊகிக்கிறார்கள். வானிலை சாஸ்திரிகளோ ஊகத்துக்கு இடம் வைக்காமல், துளியின் விட்டம் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால்தான் அது டிரிஸில், மிஞ்சினால் மழை என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அவ்வளவு சூக்ஷ்மமான துளி மேலிருந்து விழுவதாகவே தோன்றுவதில்லை. பக்கவாட்டில் மிதந்து வந்து, குடையை லக்ஷியம் செய்யாமல், என் மூக்குக்கண்ணாடியில் ஆசனம் போட்டு அமர்ந்துவிடுகிறது. மேல்சட்டைத் துணிக்கு ரப்பர் பூசி நீர் புகாமல் செய்யும் வித்தைக்கு 1823இல் காப்புரிமை பெற்ற சார்ல்ஸ் மக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அதற்குத் தொழிற்சாலை வைக்க இந்த மான்செஸ்டரைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

டிரிஸிலுக்குப் பங்காளிகள் பலர். 'மிஸில்' என்பது அதற்கும் மூத்தது. கார்ன்வால் பக்கத்தில் இன்றும் அதற்கு மவுசு. கொச்சைப் பேச்சில் அதற்கு 'மெல்ல நழுவிவிடுதல்' என்றும் ஒரு பொருள் உண்டாம். மழை அப்படி நழுவியதை மட்டும் நான் கண்டதில்லை. ஸ்காட்லாந்தில் இந்தத் தூறலையே 'ஸ்மர்' என்கிறார்கள். நான் வந்த முதல் வாரம் வீட்டுக்காரியம்மாள் ஜன்னலை எட்டிப் பார்த்து, "துப்புகிறது" என்ற பொருளில் ஏதோ சொல்ல, எந்தப் போக்கிரி நம் வாசலில் வந்து துப்புகிறான் என்று நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அங்கே ஒருவரும் இல்லை; வானம்தான் துப்பிக்கொண்டிருந்தது.

இன்னொரு விசித்திரம். நாம் 'மழை பெய்கிறது' என்று எழுவாயோடு மங்களகரமாகச் சொல்கிறோம். இவர்களோ 'அது தூறுகிறது' என்பார்கள். 'எது?' என்று கேட்டால் விழிப்பார்கள். சித்தி தங்கள் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்றே காலந்தள்ளுவதுபோல, இவர்களும் தினந்தோறும் உடனிருப்பதன் பெயரைச் சொல்லக் கூசுகிறார்கள் போலும். ஆனால் பேச்சை மட்டும் விடுவதில்லை. ஆங்கிலேயர் இருவர் சந்தித்தால் முதற்பேச்சு வானிலையைப் பற்றியதே என்று ஆங்கில எழுத்தாளர் டாக்டர் ஜான்சன் 1758இல் எழுதினார். இத்தனை காலத்தில் அவர்களுக்கு இரண்டாவது விஷயம் அகப்பட்டதாகத் தெரியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்த அம்மாள், தான் கேக்கின்மேல் எலுமிச்சைச் சாற்றை 'டிரிஸில்' செய்திருப்பதாகப் பெருமையுடன் அறிவித்தபோது, கேக்கை ஏன் முற்றத்தில் நனைய விட்டீர்கள் என்று அனுதாபத்தோடு கேட்டுவிட்டேன். சர்க்கரை கலந்த சாற்றையோ எண்ணெயையோ மெல்லிய தாரையாக வார்ப்பதற்கும் அதே சொல்தானாம். வானத்துக்கு ஒரு சொல், வாணலிக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள வகையற்ற பாஷை என்று மனத்துக்குள் நகைத்துக்கொண்டே அந்தக் கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

நகைத்தவன் இரவு படுக்கையில் கிடந்து யோசித்தபோதுதான் வெட்கம் வந்தது. 'தூற்று' என்று நாம் சொல்வது என்ன? களத்தில் பதர் போக நெல்லைத் தூற்றுகிறோம். திண்ணையில் உட்கார்ந்து ஊராரைத் தூற்றுகிறோம். வானம் சிந்தினாலும் தூற்றல் என்கிறோம். அதோடு போயிற்றா? கம்பர் நீர்த்துளியைத் 'துமி' என்று பாட, அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டோ என்று ஒட்டக்கூத்தர் மறிக்க, மோர் கடைந்துகொண்டிருந்த இடைச்சியாக வந்த சரஸ்வதி, குழந்தைகளைப் பார்த்து, துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள் என்று சொல்லி வழக்கை வென்று கொடுத்த கதையை எனக்குச் சொன்னவரே தாங்கள்தானே! நம் துளிச்சொல்லுக்கே சாட்சி மோர்ப்பானையிலிருந்து வந்திருக்க, அவர்கள் துளிச்சொல் கேக்கின்மேல் போய் விழுந்ததற்கு நான் சிரிப்பது எந்த நியாயம்?

ஆயினும் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மலையைத் தாண்டி வரும் காற்றோடு, வெயிலும் கூடவே அடிக்க, தென்காசித் தெருவில் முகத்தில் வந்து படுமே, அந்தச் 'சாரலு'க்கு இங்கே சரியான சொல் இல்லை. நனைந்தவன் அதற்காகச் சந்தோஷப்படும் வழக்கமும் இல்லை. ஆகையால் குற்றாலத்தில் இவ்வருஷம் சாரல் என்றைக்குத் தொடங்கியது என்பதை மறவாமல் எழுதுங்கள். தேதி ஒன்று போதும். மற்றதை நானே நினைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நனைந்த காகிதத்தில் எழுதும்
தங்கள் அன்பு மகன்