இவண், ஊர்ப் பொதுமக்கள்

சித்திரை பிறந்து இரண்டு வாரத்துக்குள் அண்ணாச்சியின் சட்டைப் பையில் சிவப்பு மார்க்கர் பேனா ஏறிவிடும். பஞ்சாங்கப்படி கத்திரி தொடங்குவது மே 4. எங்களுக்கு அந்தப் பேனாதான் கணக்கு.

தாமிரபரணிக் கரையில், பேரூராட்சி என்று போர்டு மாட்டிக்கொண்டு மற்ற எல்லா விஷயத்திலும் கிராமமாகவே இருக்கும் ஊர்களில் இப்படி ஓர் அண்ணாச்சியைக் கட்டாயம் பார்க்கலாம். பதவி எதுவும் கிடையாது. தேர்தலில் நின்றதில்லை. நின்றால் என்ன ஆகும் என்பது ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அம்மன் கொடையா, கிரிக்கெட் போட்டியா, நீர்மோர்ப் பந்தலா, ரசீதுப் புத்தகம் அவர் கக்கத்தில்தான் இருக்கும். கோடையும் கொடையும் சேர்ந்தே வருகிற சீமை இது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள்.

விழா எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விழா எடுத்துக்கொண்டே, அதில் என்னவெல்லாம் விபரீதம் நடக்கலாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டும் இருப்பது இவருடைய தனிச்சிறப்பு. "வழுக்குமரம் ஏறும் போட்டி மாலை 4 மணிக்கு. இளைஞர்கள் திரண்டு வரவும். மரம் வழுக்கும்."

படித்துறையில் அவர் எழுதி வைத்த போர்டு ஒன்று இருக்கிறது. "இங்கு ஆழம். குளிக்கக் கூடாது. மீறிக் குளிப்பவர்கள் மீறியவர்களாகக் கருதப்படுவார்கள். இவண், ஊர்ப் பொதுமக்கள்."

"அண்ணாச்சி, ஊர்ப் பொதுமக்களே ஊர்ப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுதாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்ன? எம்பேரைப் போட்டா எவன் மதிப்பான்?" என்றார்.

போர்டு போதாது, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வேண்டும் என்று போன வருஷம் முடிவு செய்தார். பிழை திருத்தும் வேலை எனக்கு. ஒற்றுப்பிழை எல்லாம் பார்த்து அனுப்பினேன். அச்சகத்தில் பழைய கொடை நோட்டீஸை வைத்துக்கொண்டு மேலேயும் நடுவிலேயும் மாற்றியவர்கள் அடியை மாற்ற மறந்துவிட்டார்கள். 500 நோட்டீஸ் இப்படி வந்து இறங்கியது: "பேரன்புடையீர், ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருப்பதால் மூங்கில் தடுப்புக்கு அப்பால் யாரும் இறங்க வேண்டாம். அனைவரும் குடும்பத்துடன் திரளாக வந்து கலந்துகொண்டு அம்மன் அருள் பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

காசு கொடுத்து அடித்ததை அண்ணாச்சி வீணாக்குவாரா? திண்ணையில் உட்கார்ந்து 500 தாளிலும் கடைசி வரியைச் சிவப்பு மார்க்கரால் அடித்தார். அடித்த வரியைத்தான் ஊரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தது.

வெயில் விஷயத்தில் அவரிடம் தாட்சண்யமே கிடையாது. வானிலை மையக் கணக்கில், சமவெளியில் 40 டிகிரி செல்சியஸையாவது தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே எழும். அண்ணாச்சி 36-லேயே அறிவித்துவிடுவார். "பகல் 12 மணி முதல் 3 மணி வரை முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணித் தாய்மார்கள் வெளியே வர வேண்டாம்" என்பார். மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்பு: "இன்றைய முதல் அரையிறுதி ஆட்டம் சரியாக 12.30-க்கு. பொதுமக்கள் பெருந்திரளாக வந்து ஆதரவு தரவும்." காலையில் வைத்தால் ஆற்றுக்குப் போய்விடுவான்கள், சாயங்காலம் வைத்தால் பந்து தெரியாது என்று அவருக்கு ஒரு நியாயம் உண்டு. மைதானத்தில் மரம் என்று இருப்பது ஒரே ஒரு வேம்பு. அதன் அடியில் நடுவர் நிற்பார். அங்கிருந்து பார்த்தே எல்பிடபிள்யூ கொடுப்பார்.

நீர்மோர்ப் பந்தல் திறக்கும் முதல் நாளில் வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி, நுங்கு, ரோஸ்மில்க் எல்லாம் இருக்கும். போட்டோ எடுக்கிறவரும் இருப்பார். மூன்றாம் நாள் பானை மட்டும். ஐந்தாம் நாள் சங்கிலி கட்டிய டம்ளர் மட்டும். இது எந்த ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் அண்ணாச்சி கூடுதலாக உப்புச் சர்க்கரைக் கரைசலும் வைத்தார். நல்ல யோசனை, நான் குறை சொல்லவில்லை. "ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு" என்று மைக்கில் சரியாகத்தான் சொன்னார். நாலு தெருவில் குழாய் கட்டியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் நாலு தடவை எதிரொலித்தது. கலக்கிய பையன்களுக்கு ஆறு எதற்கு, அரை எதற்கு என்று குழம்பிவிட்டது. முதல் டம்ளர் எனக்கு.

"எப்படித் தம்பி இருக்கு?" என்றார். மன்னார் வளைகுடா மாதிரி இருக்கிறது என்றேன். உடனே மைக்கைப் பிடித்தார். "பந்தலில் உள்ள கரைசலை, மறு அறிவிப்பு வரும் வரை யாரும் குடிக்க வேண்டாம்."

கோடையில் வண்டிக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் வெடிக்கும் என்று வருஷா வருஷம் ஒரு வதந்தி கிளம்பும். எண்ணெய் நிறுவனங்கள் பலமுறை மறுத்தாயிற்று. அண்ணாச்சி அதையும் அறிவித்தார். மறுநாளே பெட்ரோல் பங்குக்காரர் வந்து, கொடைக்குத் தான் எழுதிய 5,000 ரூபாயை நினைவூட்டினார். அன்று மாலை குழாயில் கேட்டது: "முழு டேங்க் பெட்ரோல் முற்றிலும் பாதுகாப்பானது. இவண், ஊர்ப் பொதுமக்கள்."

சட்டத்துக்கு அவர் மிகவும் கட்டுப்பட்டவர். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கொடை அன்று 9.55-க்கு அதை அறிவிக்கத் தொடங்கினார். ஏன் கூடாது, பரீட்சைப் பிள்ளைகளுக்கும் இருதய நோயாளிகளுக்கும் என்ன கஷ்டம் என்றெல்லாம் விளக்கி முடிக்கையில் மணி 10.20.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கூடத்தில் நடத்திய செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, படித்துறை வேப்பமரத்தில் ஒரு கேனைக் கட்டினார். அஞ்சு லிட்டர் மஞ்சள் எண்ணெய்க் கேன், காலி, மூடி இறுக்கியது. கைப்பிடியில் முடிச்சுப் போட்டு 20 மீட்டர் நைலான் கயிறு.

"முங்குதவன் சத்தம் போடமாட்டான் தம்பி. சினிமாலதான் காப்பாத்துங்கன்னு கத்துவான். மூச்சுக்கே வழியில்லாதவன் எங்க கத்த? பக்கத்துல போனா உன்னையும் சேத்து அமுக்கிருவான். அதனால குதிக்கப்பிடாது. கேனை வீசணும், புடிச்சதும் இழுக்கணும்."

இதற்கும் ஒரு செயல்விளக்கம் வைத்தார். முழங்கால் தண்ணீரில்தான். "யாருல முங்குதது?" என்று கேட்டதும் 18 பையன்கள் கை தூக்கினார்கள். காப்பாற்ற ஒருத்தன் இல்லை. கடைசியில் அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்கச் சொல்லி, 18 பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கேன் வீசிக் காப்பாற்றினார். முதலில் முங்கியவன் மறுபடியும் வரிசையில் வந்து நின்றான். அதற்குப் பிறகு போர்டைப் படிக்காத பையன்கள்கூட, தண்ணீரில் இறங்குமுன் வேப்பமரத்தை ஒரு பார்வை பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், போன வெள்ளிக்கிழமையிலிருந்து மரத்தில் கயிறு மட்டும் தொங்குகிறது. பதனி சீசன். கேன் எந்த வீட்டு அடுக்களையில் பதனியோடு உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாச்சிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் சொல்வதாக இல்லை. குடித்து முடித்ததும் கழுவி, மூடியோடு, அதே கயிற்றில் கட்டிவிடவும்.

இவண், ஊர்ப் பொதுமக்கள்.