ஜப்பானில் பேயாட்டம் போட விரும்புவோர் கவனத்திற்கு

அக்டோபர் 31 அன்று ஜப்பானில் இருக்கப்போகிறீர்கள். உள்ளூர்க்காரர்களோடு கலந்து ஹாலோவீன் கொண்டாடியே தீருவதென்று கங்கணமும் கட்டிக்கொண்டுவிட்டீர்கள். நல்லது. அன்றைக்கு உள்ளூர்க்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஆபீஸில். அதை விட்டால் வீட்டில். அரசு விடுமுறையெல்லாம் கிடையாது.

பேய்களிடம் ஜப்பானியருக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் முன்னோர் ஆவிகளை ஆகஸ்ட் நடுவிலேயே, ஓபோன் நாட்களில் வரவேற்று, விருந்து படைத்து, விளக்கேற்றி வழியனுப்பிவிடுகிறார்கள். பேய்க்கதைக்கும் அங்கே கோடைதான் சீசன். புழுக்கத்தில் முதுகுத்தண்டு கொஞ்சம் சில்லிட்டால் சுகம் என்று கணக்கு. அக்டோபர் கடைசியில் வருவது கடை வழியாக வந்த பேய். டோக்கியோவின் ஹராஜுகுவில் கிடிலேண்ட் என்ற பொம்மைக்கடை 1983-இல் ஹாலோவீன் ஊர்வலம் விட்டது. 1997-இல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் கையில் எடுத்தது. அப்புறம் மிட்டாய்க் கம்பெனிகள் விடுமா? ஆகவே பேயைத் தேடிச் சுடுகாட்டுப் பக்கம் அலையாதீர்கள். தெருமுனையில் இருக்கும் 'கொன்பினி' கடைக்குப் போனால், செப்டம்பரிலிருந்தே பரங்கிக்காய் புட்டிங் ரூபத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அழைப்புமணியை அடித்தால், உள்ளே இருப்பவர் டிவி சந்தா வசூலிக்க என்எச்கே ஆள் வந்துவிட்டார் என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு இது உண்டு. ஆனால் முன்கூட்டியே பெயர் கொடுத்த வீடுகள், ஒட்டிய அறிவிப்பு, குறித்த நேரம், பின்னால் அம்மாக்கள் என்று ஒரு தடுப்பூசி முகாமின் ஒழுங்கில் நடக்கும். நாற்பது வயதில் டிராகுலா பல் மாட்டிக்கொண்டு அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

அடுத்தது வேஷம். டான் கிஹோட்டே கடையில் இல்லாத வேஷம் இல்லை. எதை வேண்டுமானாலும் வாங்கலாம், போலீஸ் சீருடையை மட்டும் யோசித்து வாங்குங்கள். நிஜம்போல் இருந்தால் சிறு குற்றச் சட்டத்தின்படி வழக்குப் போட முடியும். நிஜ போலீஸாரோ அன்றைக்குத் தெருவுக்குத் தெரு நிற்பார்கள். ஜோக்கரும் வேண்டாம். 2021 ஹாலோவீன் இரவில் கெய்ஓ ரயிலில் ஜோக்கர்போல உடுத்திய ஒருவன், பயணி ஒருவரைக் கத்தியால் குத்திப் பெட்டிக்குள் தீயும் வைத்தான். அதற்குப் பிறகு ரயிலில் அந்த வேஷத்தைப் பார்த்துச் சிரிக்கிற டோக்கியோக்காரரை நான் கற்பனைகூடச் செய்ய மாட்டேன். மற்றபடி ஸோம்பியாக ரயில் ஏறலாம். ஆனால் ஸோம்பியும் வரிசையில் நிற்க வேண்டும், முதுகுப்பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், செல்போனில் உறுமக் கூடாது. (2024-இல் தீபாவளியும் இதே அக்டோபர் 31-இல் வந்தது. டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கும் நம்மவர்கள் பட்டுச்சேலையில் ரயிலேற, எதிர் ஸீட்காரர் 'நல்ல வேஷம்' என்று மனசுக்குள் மார்க் போட்டிருந்தால் அதற்கு நாம் பொறுப்பில்லை.)

இனி டோக்கியோவின் ஷிபுயா. நீங்கள் போட்டோவில் பார்த்தது அங்குள்ள நாற்சந்தியைத்தான். அங்கே கொண்டாட்டத்தை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மேடை இல்லை, டிக்கெட் இல்லை, பொறுப்பாளி இல்லை, கூட்டம் தானாகச் சேர்ந்தது. 2018-இல் ஒரு கும்பல் குட்டி லாரி ஒன்றைத் தெருவிலேயே கவிழ்த்துப் போட்டது. வேஷத்தில் இருக்கிறோம், யாருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். போலீஸார் சுமார் 250 கேமராக்களின் பதிவுகளைத் துருவி 15 பேரை அடையாளம் கண்டு, நாலு பேரைக் கைது செய்தார்கள். பேய்க்கு விலாசம் கிடையாது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

2022-இல் தென்கொரியத் தலைநகர் சோலின் இதேவோன் சந்தில் ஹாலோவீன் நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஷிபுயா மேயர் ஹாசெபே கென், வெளிநாட்டு நிருபர்கள் முன் உட்கார்ந்து, ஹாலோவீனுக்காக எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சுற்றுலாவுக்குப் பெயர்போன ஊரின் மேயர் தானே வாய்திறந்து வராதே என்கிறார்! எஜமானருக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த ஹாச்சிகோ நாயின் சிலையைக்கூடத் தடுப்பு வைத்து மறைத்துவிட்டார்கள். நீங்கள் அப்படியும் போகிறவர் என்றால் ஒன்று நிச்சயம்: உள்ளூர் மக்களைப் பார்க்க வந்த அயலூர்க்காரர்கள் ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். உங்களையும் எடுப்பார்கள்.

கையில் பீர் டப்பா வேண்டாம். 2024 அக்டோபர் முதல் ஷிபுயா நிலையத்தைச் சுற்றி மாலை 6 மணியிலிருந்து காலை 5 வரை தெருவில் குடிக்கத் தடை, வருஷம் பூராவும். அபராதம் இல்லையே என்று குஷியாகாதீர்கள். காவலாளி வந்து குனிந்து வணங்கி, தயவுசெய்து நிறுத்துங்கள் என்பார். நீங்கள் குடித்து முடிக்கிற வரை நகரவும் மாட்டார். அதற்குப் பணத்தைக் கட்டிவிட்டு வருவது மேல்.

காலி டப்பாவை எங்கே போடுவது? அதுதான் ஜப்பானின் உண்மையான திகில். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயில்களில் விஷவாயுத் தாக்குதல் நடந்தபிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் குறைந்துபோயின. பையில் போட்டு ஓட்டலுக்கே எடுத்துவருவதுதான் ஊர் வழக்கம். இது தெரியாதவர்கள் இறைத்துவிட்டுப் போனதை நவம்பர் 1 விடிகாலையில் இடுக்கியும் பையுமாக வந்து பொறுக்குகிறார்களே, அந்தத் தன்னார்வலர்களில் உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர். பழக நல்ல மனிதர்கள்.

இவ்வளவும் கேட்டபிறகும் ஆசை அடங்காதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. 'ஜிமி ஹாலோவீன்' என்று ஒன்று. 'டெய்லி போர்ட்டல் இஸட்' என்ற இணைய இதழ்க்காரர்கள் 2014-இல் தொடங்கியது. ரத்தம், றெக்கை, மினுமினுப்பு எல்லாம் கூச்சமாக இருக்கிறது என்ற பெரியவர்கள், தினமும் கண்ணில் படுகிற சாதாரண ஆட்களாக வேஷம் கட்டி வருகிறார்கள். பார்த்தால் எதுவுமே புரியாது. வேஷக்காரர் தான் யார் என்பதைச் சொன்னதும், கூட்டம் மொத்தமும் 'ஆ...' என்று தலையாட்டும். உதாரணமாக, இரவு எட்டு மணிக்கு சூப்பர்மார்க்கெட்டில் பென்டோ சாப்பாட்டுப் பெட்டியின்மேல் பாதிவிலை ஸ்டிக்கர் ஒட்டுவார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தபடி நிற்பவர். சுய்கா என்ற ரயில் கார்டில் பணம் தீர்ந்து, ரயில் நிலைய வாயிலில் கதவு மூடிக்கொள்ள, பின்னால் வருகிறவர்களிடமெல்லாம் தலைகுனிகிறவர். அந்த 'ஆ'வை வாங்கிவிட்டீர்களானால், உள்ளூர்க்காரர்களோடு கொண்டாடியாயிற்று என்று எழுதிக்கொள்ளலாம்.

சுற்றுலாப் பயணிக்குப் பொருத்தமான வேஷத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், செலவு கிடையாது. கழுத்தில் கேமரா, கையில் காலி பாட்டில், கண்ணில் பதற்றம்: 'அரைமணி நேரமாகக் குப்பைத்தொட்டி தேடும் வெளிநாட்டவர்'. இந்த வாசகத்தை ஓர் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஜப்பானிய மொழியில் எழுதுங்கள்.