கொடுவாவும் பாரையும்: தூண்டில் நோக்கில் ஓர் ஒப்பாய்வு

கொடுவா உயர்ந்ததா, பாரை உயர்ந்ததா என்ற வினாவுக்குச் சைவ வைணவச் சண்டையின் பழமை கிடையாது. ரீல் வைத்த தூண்டில் வந்தபின் எழுந்ததுதான். உக்கிரத்தில் மட்டும் சளைத்ததன்று. பிடித்த மீனை நெஞ்சோடு அணைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பக் கடலிலேயே விடுகிறவரே இவ்வாய்வில் தூண்டில்காரர் எனப்படுவார். சமைப்பதற்காகப் பிடிப்பவர் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். பாரை என்பதும் அவர்கள் ‘ஜிடி’ என்று செல்லமாக அழைக்கும் பெரும்பாரையை மட்டுமே குறிக்கும். மஞ்சள்பாரை முதலிய பங்காளிகள் விலக்கப்பட்டனர்.

முதலில் எடை. சாதனைப் பாரை 2006இல் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் சிக்கியது, 72.8 கிலோ. சாதனைக் கொடுவா 2010இல், 44.64 கிலோ. அதுவும் கடலில் அகப்பட்டதன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மொண்டூரன் என்னும் அணை ஏரியில். நன்னீரில் கொடுவா வளரும், ஆனால் பெருகாது. குஞ்சுகளைக் கொண்டுவந்துதான் விட வேண்டும். கடல்மீன் ஆய்வில் ஏரிச் சான்றை ஏற்பதா என்று இவ்வாய்வாளர் தயங்கி, வேறு வழியின்றி ஏற்றார்.

அடுத்தது பால். கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் ஆணாகவே காலந்தள்ளி, பிறகு பெண்ணாகிவிடும். ஒரு மீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் பெண்களே. “பய சும்மா விடலடா, என்னா பலம்!” என்று மீசையை முறுக்கிக்கொண்டு எடுத்த படங்களில் பலவும், இதன்படி, மூத்த அம்மையார் ஒருவரை அனுமதியின்றித் தூக்கிவைத்திருக்கும் படங்களாகின்றன. பாரையில் இந்தச் சங்கடம் இல்லை. ஆண் கடைசிவரை ஆண்தான். முதிர்ந்தால் சிலது கறுத்துப்போகும், அவ்வளவே.

இனி, ஆய்வின் உயிர்நாடியான சண்டை. கொடுவா அலையாத்தி வேரடியில் பதுங்கி, நீரோட்டம் மாறும் வேளைக்குக் காத்திருக்கும். முள் ஏறியதும் தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உலுக்கும். செவுள்மூடியின் கூரிய விளிம்பு பட்டால் தங்கூஸ் அறும். பாரை அப்படி வேடிக்கை காட்டுவதில்லை. மேலே மிதக்கும் ‘பாப்பர்’ என்னும் பொய்யிரையை ஒரே அடியாக அடித்துவிட்டு நேரே கீழே இறங்கும், கடலடிப் பாறையில் உரசித் தங்கூஸை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கொடுவாவை இழந்தவர் இழந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறார். படகிலிருந்த மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். அம்மீன் பின்னர் எவ்வளவு முயன்றாலும் ஐந்தாறு கிலோவுக்கு மேல் கூட முடியாது. பாரையையோ யாருமே பார்க்கவில்லை. அதன் வளர்ச்சி அறுந்த கணத்தில்தான் தொடங்குகிறது. இத்துறையில் பாரைக் கட்சிக்கு ஆள் சேர்வதன் காரணம் இதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

குணநலனையும் பார்த்துவிடலாம். செஷல்ஸ் தீவுகளில் பாரை நீரிலிருந்து பாய்ந்து பறக்கும் ஆலாக்களைக் கவ்வுவதை 2017இல் பிபிசியின் ‘புளூ பிளானட் 2’ காட்டியது. அன்றுமுதல் அக்கட்சியாரோடு பேச முடியவில்லை. கொடுவாவையோ 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. ஒன்று பறவை பிடிக்கிறது, மற்றது மத்திய அரசு நிறுவனத்தில் பிறக்கிறது. பெண் வீட்டார் எதைத் தேர்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சுவை ஆய்வெல்லைக்குள் வராது. தவிர, பவளப்பாறைப் பகுதிகளில் பெருத்த பாரையைத் தின்றால் சிலநேரம் நஞ்சேறும் என்பதால் ஆய்வாளரின் உயிரும் கருதப்பட்டது. ஆயினும் களப்பணி இல்லாத ஆய்வை நெறியாளர் ஏற்கமாட்டாரே என்று காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் இரண்டில் எது சிறந்தது என்று கேட்கப்பட்டது.

“குழம்புக்கா, வறுக்கவா?”

இரண்டுக்கும் இல்லை, பிடித்துத் திரும்ப விடுவதற்கு என்று விளக்கப்பட்டது.

“அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு சார், வாங்கறவங்க வராங்க.”