முழங்கால் மருந்து வகையியல்: சூத்திரமும் உரையும்

உடையார் உவப்பவும் செல்லே உவப்பவும்
இருவரும் உவவா தனவும் உவப்பவும்
என்றிவை நான்கே முழங்கால் மருந்தே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மூட்டுத் தேய்மானத்துக்கு ஹைதராபாத்தில் விற்கும் மருந்தும், இன்னும் விற்பனைக்கு வராத மருந்தும் வகைசெய்தல் நுதலிற்று. அவ்வூரைக் கொண்டது என்னை? 1961இல் உருவான அரசு மருந்து நிறுவனம் ஐடிபிஎல் பாலாநகரில் ஆலை அமைத்த பின் மருந்துக்கே பேர்போன ஊராகிவிட்டமையானும், பஞ்சாகுட்டா நிம்ஸ் மருத்துவமனை தொடக்கத்தில் எலும்பு மருத்துவமனையாக எழுந்தமையானும் என்க.

உடையார் என்றது மாரேட்பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி நிற்கும் மாமியை. செல் என்றது குருத்தெலும்பில் தனித்துறையும் காண்டிரோசைட்டை. இருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. குருத்தெலும்பில் நரம்பில்லை, செல் நொந்தாலும் மாமிக்குச் சேதி போகாது. மாமியின் வலி மூட்டுச் சவ்விலிருந்தும் அடியெலும்பிலிருந்தும் வருவது.

1. உடையார் உவப்பன: டைக்ளோஃபெனாக் முதலியன. புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து வலி தணிக்கும். செல் விடுக்கும் எம்எம்பி-13 நொதியோ கொலாஜனை அறுத்தபடி இருக்கும். ஸ்டீராய்டு ஊசியும் இவ்வினமே. சில வாரம் சுகம் தரும். 3 மாதத்துக்கொரு முறை 2 ஆண்டு போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2017) குருத்தெலும்பு 0.21 மி.மீ. மெலிந்தது, வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்க்கு 0.10. முடிவில் வலியிலும் வேறுபாடில்லை.

2. செல் உவப்பன: ஸ்பிரிஃபெர்மின். செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிப் புரதம். 549 பேரிடம் நடந்த ஆய்வில் (2019) குருத்தெலும்பு சற்றே தடித்தது. செல் வளர்ந்தால் வலி போகாதோ எனின், மருந்தில்லா ஊசி பெற்றவர்க்கு வலி எவ்வளவு குறைந்ததோ, இவர்க்கும் அவ்வளவே குறைந்தது. செல்லுக்கு விருந்து, மாமிக்குப் பட்டினி.

3. இருவரும் உவவாதன: இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைன். ஆய்வகத் தட்டில் செல் இதற்கு இசைந்தது மெய். ஆனால் அங்கே ஊற்றிய செறிவு, விழுங்கியவர் இரத்தத்தில் எட்டுவதினும் பன்மடங்கு. 1,583 பேரைக் கொண்ட 2006 ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையை இது வெல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் உவக்கிறாரே எனின், அவர் மூன்றாம் தரப்பு; சூத்திரத்துள் அடங்கார்.

4. இருவரும் உவப்பன: எடுத்துக்காட்டு வந்தவழிக் கண்டுகொள்க.

புறனடை: உடல் எடை 1 கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். தொடைத் தசைக்குப் பயிற்சியும் வலி தணிக்கும். ஆயின் இவை மாத்திரையாய் வாரா. உஸ்மானியா பிஸ்கட்டைக் கைவிடச் சொல்வன. ஆதலின் மாமியே இவற்றை இந்நூலின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார் என்க.