இரண்டு சதவீதக் கருணை

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு மொத்தமும் இலவசமாம். காபிக்கடை மேதாவிகள் சத்தியமே செய்கிறார்கள். 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி (நாமல்ல, அவர்கள்தான்) பட்டம் வாங்கிய பூர்வகுடி அக்கணமே சட்டத்தின் கண்ணில் பூர்வகுடி அல்ல. பாஸானதற்கு அப்படியொரு பரிசு! பிற்பாடு அரசு திருந்தி, படிப்புக்குப் பணமே தந்தது. 1996இல் மட்டும் சின்னதாக ஓர் உத்தரவு: பூர்வகுடிச் சமூகங்களுக்கான நிதி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளரக் கூடாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அசையவில்லை. கல்லூரிக் கட்டணமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அந்த உத்தரவைப் படிக்கவில்லை போலும், தம்பாட்டுக்கு ஏறின. யாரைக் கல்லூரிக்கு அனுப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்ற பாவத்தையெல்லாம் ஒட்டாவா அரசு சுமப்பதில்லை. அது அந்தந்தச் சமூக நிர்வாகத்தின் தலையில். சுயாட்சி என்றால் சும்மாவா?