மச்சான் கண்ட இணைப்பு

வங்கக் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், ஆந்திரத்துக்குள் ஏனாம், கேரளக் கரையில் மாஹே. நாலு திசையில் கிடக்கிற துண்டுகளை ஒரே அரசாகக் கட்டி மேய்க்கிற யூனியன் பிரதேசத்தில் பிறந்தவன் என் மச்சான். ஆறு இடத்தில் கிடக்கிற கடனை ஒன்றாக்குவது அவனுக்குப் பெரிய காரியமாகத் தெரியாததில் வியப்பில்லை.

அவன் கடன்கள் எல்லை பேதம் பார்க்காதவை. திருநள்ளாறு சாலையில் நகைக்கடன். மயிலாடுதுறையில் வண்டிக் கடன். கிரெடிட் கார்டு பாக்கி. நாகூர்ப் பக்கத்துத் தண்டல்: பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள், தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா ஒருவரிடம் மூணு வட்டிக்கு 30,000. துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் 60,000 கைமாத்து. சின்ன வயசு சிநேகிதர், வட்டி என்ற பேச்சே அவரிடம் ஆகாது. மொத்தம் 3 லட்சம்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36. ஒரு வங்கி மேனேஜர் 36 சதவீதம் என்று சொல்லியிருந்தால் மச்சான் போலீசுக்குப் போயிருப்பான். தாத்தா வெறும் மூணு என்றதால் காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கினான்.

முதலில் தெய்வ வழிதான் பார்த்தான். கும்பகோணம் பக்கம் திருச்சேறையில் ருண விமோசன லிங்கேஸ்வரர் இருக்கிறார். பதினொரு திங்கட்கிழமை அர்ச்சனை செய்தால் கடன் தீரும் என்பது நம்பிக்கை. போக வர பெட்ரோலுக்கு அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், கைமாத்து வாங்கினான். அது இந்த ஆறில் சேராது. நளனுக்கே சனி விட்ட திருநள்ளாறு எங்கள் காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் உள்ளூர்க்காரன் மனுவைச் சனீஸ்வரர் கடைசியில்தான் எடுப்பார் என்பது அவன் கட்சி.

பிறகுதான் வங்கி. எல்லாக் கடனையும் அடைக்க ஒரே தனிநபர் கடன், 14 சதவீதம். “84 மாசம் வரைக்கும் கட்டலாம்” என்றாராம் அதிகாரி. ஏழரைச் சனி 90 மாதம். ஆறு மாதம் தள்ளுபடி. மச்சான் பெருந்தன்மையாக 60 மாதத்தோடு நிறுத்திக்கொண்டான்.

“அத்தான், இனிமே ஒரே தேதி, ஒரே ஆளு. மாசம் ஏழாயிரம்கூட இல்ல!” என்று ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். மனைவி ஸ்வீட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.

பழைய கடன்களின் வட்டியைச் சராசரி பார்த்தால் 18 சதவீதம். அதையே இரண்டு வருஷத்தில் முடிக்க மாதம் 15,000 கட்ட வேண்டும். வட்டி மொத்தம் 59,000 சொச்சம். புதுக் கடனுக்கு வட்டி விகிதம் குறைவு, தவணை பாதிக்கும் குறைவு. ஐந்து வருஷம் இழுப்பதால் மொத்த வட்டி மட்டும் 1,18,000 சொச்சம். சரியாக இரட்டிப்பு.

“அதுகூடப் போகட்டும். வட்டியே இல்லாத பாய் கடனை ஏண்டா இதுல சேர்த்தே? அந்த அறுபதாயிரத்துக்கு மட்டும் இருபத்து மூவாயிரத்துக்கு மேல வட்டி கட்டப் போறே.”

“அவரைக் கடைத்தெருவுல பாக்கக் கூச்சமா இருந்துச்சுக்கா.”

கூச்சத்துக்கு இவ்வளவு வட்டி கொடுத்தவன் காவிரிக் கரையில் வேறு யாரும் இருக்க மாட்டான். தண்டல், கார்டு, தாத்தா மூன்றையும் மட்டும் வங்கிக்கு மாற்றியிருந்தால் புதுக் கடன் 70,000-தான் ஆகியிருக்கும். பத்து சதவீத நகைக்கடன் அது பாட்டுக்கு இருந்திருக்கும். இதை மனைவி சொன்னபோது மச்சான் ஸ்வீட் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

காரைக்கால் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி சேர 1962 ஆகஸ்ட் 16 ஆனது. மச்சான் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். காகிதத்தில் இணைப்பு முடிந்துவிட்டது. நடைமுறைதான் பாக்கி. கார்டின் பாக்கி பூஜ்யமானதும் அதன் வரம்பு முழுசாகத் திறந்துகொண்டது. மீட்ட நகை பீரோவில் சும்மா கிடக்கிறதே என்று அவனுக்கு ஒரே கவலை. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாடனர் பவனி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைப்போமே, அப்படி அவன் போனில் கடன் மெசேஜ்கள் விழுகின்றன. எல்லாம் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டவை. காரைக்கால் அம்மையாருக்கே வேண்டிய பிறகுதான் மாங்கனி வந்தது, இது கேட்காமலே வருகிறது.

போன வாரம் தண்டல்காரர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம்.

“சார், மச்சானுக்கு எங்க மேல ஏதும் கோபமா? மொத்தத்தையும் ஒரே நாள்ல கட்டி நோட்டை முடிச்சுட்டாரு.”

கோபமெல்லாம் இல்லை என்றேன்.

“அப்ப சரி சார். இவ்ளோ நாணயமான ஆளை விட மனசு வரல. இனிமே அம்பதாயிரம் வரைக்கும் தரலாம்னு முதலாளி சொல்லிட்டாரு. அவர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க.”