நடுவீட்டில் வைத்த நாயின் ஆண்டுச் செலவு

பெர்லின்.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களின் சமூகத்திற்குத் தம்பி மகன் எழுதும் கடிதம். இவ்விடம் வீட்டு நாய் புரூனோ உட்பட ஐவரும் நலம். அவ்விடம் ஊர் நாய் மணி உட்பட அனைவர் நலமும் அறிய அவா.

ஜெர்மனியில் நாய் என்பது வரி கட்டும் உயிரினமாகும். ஊர்த் திண்ணையில் ஒருவர் நாய்க்கு ஆண்டுச் செலவு எவ்வளவு என்று வினவினால், வினவியவரின் உடல்நலத்தைப் பற்றித்தான் மற்றவர்கள் முதலில் விசாரிப்பார்கள்; மீந்த சோற்றுக்கும் மீன் தலைக்கும் கணக்கு எழுதியவர் எவருமில்லை. பெர்லினிலோ நாயைப் பற்றிய ஒவ்வொரு தமிழ்ப் பழமொழிக்கும் எதிராக ஒரு ரசீது இருக்கிறது. ஆகவே, ‘ஒரு நாய்க்கு அப்படி என்னடா செலவு?’ என்று பெரியப்பா தொலைபேசியில் எழுப்பிய வினாவுக்குத் தலைப்புவாரியாக விடை கூறுவதே இக்கடிதத்தின் நோக்கமாகும்.

முதலில் நாயின் சட்டநிலையை அறிதல் வேண்டும். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தில் 1990-இல் சேர்க்கப்பட்ட 90அ பிரிவு, விலங்குகள் பொருள்கள் அல்ல என்று முதலில் அறிவித்துவிட்டு, வேறு விதி இல்லாத இடங்களில் பொருள்களுக்குரிய விதிகளே அவற்றுக்கும் பொருந்தும் என்று அடுத்த மூச்சில் கூறுகிறது. மருமகளும் தமக்கு மகள்தான் என்று பந்தலில் அறிவித்துவிட்டு, பந்தல் பிரிக்கும் முன்னரே அவளைப் பாத்திரம் தேய்க்க அழைக்கும் மாமியாரின் நடை இது என்பதைப் பெரியம்மா எளிதில் உணர்வார்.

இவ்வாறு பொருளும் அல்லாத, ஆளும் அல்லாத நாய்க்கு விதிக்கப்படும் வரியின் பெயர் ‘ஹுண்டெஷ்டொயர்’, அதாவது நாய்வரி. புருசிய அரசு 1810-இல் நாயை ஆடம்பரப் பொருள்களின் வரிசையில் சேர்த்து வரி விதித்தது. நாய்க்குச் சோறு போட முடிகிறவரால் அரசுக்கும் கொஞ்சம் போட முடியும் என்பதே அதன் தருக்கம். அரசர்கள் போனார்கள், வரி போகவில்லை. இன்று இதை உள்ளாட்சிகள் விதிக்கின்றன. ஊருக்கு ஊர் தொகை மாறும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்து வரும் ஒவ்வொரு நாய்க்கும் 180 யூரோ. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்ற வணிக நியதி இங்குச் செல்லாது. நாடு முழுவதும் 2023-இல் இவ்வரியால் வந்த தொகை ஏறத்தாழ 42 கோடி யூரோ. இதை நாய்களின் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொதுக் கருவூலத்தில் சேர்ந்து சாலைக்கும் பள்ளிக்கும் போகலாம். வரி கட்டியதால் நடைபாதையை அசுத்தப்படுத்தும் உரிமையும் கிடைப்பதில்லை. நாயுடன் செல்பவர் பை ஒன்றைக் கையில் வைத்திருப்பது சட்டக் கடமை. முன்னே வரி செலுத்திய புரூனோவும் பின்னே பையுடன் மென்பொருள் பொறியாளராகிய தம்பி மகனும் காலை ஏழு மணிக்குச் செல்லும் காட்சியில் முதலாளி யார் என்பதில் தெருவில் எவருக்கும் ஐயமில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. இருசக்கர வண்டிக்கு ஊரில் எடுக்கும் ‘தேர்டு பார்ட்டி’ காப்பீட்டைப் போல, நாய் பிறருக்கு விளைவிக்கும் கேட்டுக்கு ஈடு தரும் காப்பீடு பெர்லினில் கட்டாயம். அதன் ஈட்டுத்தொகை குறைந்தது பத்து லட்சம் யூரோவாக இருத்தல் வேண்டும். புரூனோ இதுவரை கடித்த பொருள்களில் மிக விலையுயர்ந்தது சின்னவளின் செருப்பு என்றாலும், ஆண்டுதோறும் 58 யூரோ கட்டப்படுகிறது. தோலுக்கடியில் செலுத்தப்பட்ட, அரிசி மணியளவேயான சிப்பில் அதன் அடையாள எண் இருக்கிறது. நகரின் நாய்ப் பதிவேட்டிலும் அது பதிந்திருக்கிறது. சுருங்கச் சொன்னால், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கத் தம்பி மகன் ஊரில் அலைந்த அலைச்சல் எதுவுமின்றிப் புரூனோ ஒரே வாரத்தில் முழுக் குடிமகனாகிவிட்டது.

உணவே பெரும் தலைப்பு: மாதம் 70 வீதம் ஆண்டுக்கு 840 யூரோ. இங்குப் பெரியப்பா கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஜெர்மனியில் பொருள்கள் மீதான மதிப்புக்கூட்டு வரி, அதாவது ஊரில் ஜிஎஸ்டி எனப்படுவதற்கு ஒப்பான வரி, பொதுவாக 19 விழுக்காடு. இன்றியமையாதவை எனக் கருதப்படும் சிலவற்றுக்கு மட்டும் 7. நாயுணவு 7 விழுக்காட்டுப் பட்டியலில் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கட்டும் டயப்பர் 19 விழுக்காட்டில் இருக்கிறது. சின்னவள் பிறந்த ஆண்டின் ரசீதுகளையும் புரூனோ வந்த ஆண்டின் ரசீதுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த மருமகள், இந்நாட்டில் யாராகப் பிறப்பது நல்லது என்று கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் மாறாது என்பது ஊர் வழக்கு. குணம் மாறுகிறதோ இல்லையோ, குளிப்பாட்டுதலுக்கு முடிதிருத்தும் நிலையத்தில் 60 யூரோ. ஆண்டுக்கு நான்கு முறை, ஆக 240. பஞ்சுபோல் உலர்த்தி, காதோரம் சீவி, நகம் வெட்டி அனுப்புகிறார்கள். வீடு வந்த ஐந்தாம் நிமிடத்தில் அது பூங்காவின் சேற்றில் புரண்டு, பழமொழியை மெய்ப்பித்துவிடுகிறது.

மருத்துவம் தனி இயல். கால்நடை மருத்துவர்களின் கட்டணத்தை அரசாணையே வகுக்கிறது; 2022 நவம்பரில் திருத்தப்பட்ட அவ்வாணையின்படி, நாயைத் தொட்டுப் பார்த்து ஆலோசனை சொல்வதற்கு ஒருமடங்குக் கட்டணம் 23.62 யூரோ, அதன்மேல் 19 விழுக்காடு வரி. மருத்துவர் இதை மூன்று மடங்குவரை ஏற்றலாம். ஒருமடங்குக்குக் கீழே மட்டும் இறங்கலாகாது. கொத்தவரங்காய்க்கே பேரம் பேசும் பெரியம்மா இவ்விதியை அறிந்தால் வருந்துவார். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கான மாத்திரை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 220 யூரோ.

அவசர நேரத்தில் கதை வேறு. சென்ற தைப் பொங்கலன்று இரவு, அடுக்களை மேடையில் ஆறவைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை இழுத்துக் கவிழ்த்துப் புரூனோ பாதியை முடித்திருந்தது. நெய்யும் வெல்லமும் ஒருபுறம் இருக்கட்டும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்க வல்லது. மருமகள் தரையில் மிஞ்சிய முந்திரியையும் திராட்சையையும் தனித்தனியே எண்ணி, நாற்பதில் இருபத்தாறு திராட்சை குறைவதாக அறிவித்தார். இரவுப் பணி மருத்துவர் கட்டணத்தை இருமடங்கிலிருந்துதான் தொடங்க முடியும், அவசரப் பணிக்கெனத் தனியே 50 யூரோவும் உண்டு என்பதால், ஊசி எடுக்கும் முன்பே வரியுடன் 115.72 யூரோ ஆகியிருந்தது. வாந்திக்கான ஊசியும் இரத்தப் பரிசோதனையும் சேர மொத்தம் 260. வெளிவந்த திராட்சைகளை மருத்துவர் எண்ணிக் காட்டினார்: இருபத்தாறு. மருமகளின் கணக்கு பிசகவில்லை. திராட்சை ஒன்றுக்குப் பத்து யூரோ வீதம் பொங்கல் கொண்டாடிய குடும்பம் பெர்லினில் வேறு இருக்காது.

பயணத்திலும் நாய்க்கு விதியுண்டு. தொலைதூர இரயிலில், வீட்டுப்பூனையளவே இருந்து கூடைக்குள் அடங்கும் நாய்க்குக் கட்டணமில்லை; அதைவிடப் பெரிய நாய்க்குப் பாதிக் கட்டணம், வாய்மூடி வேறு. கோடையில் ஊருக்கு வந்த 21 நாளும் புரூனோ நாய் விடுதியில் இருந்தது. நாளுக்கு 30 வீதம் 630 யூரோ. விடுதிக்காரர் அன்றாடம் அதன் புகைப்படத்தை அனுப்பினார். தம்பி மகன் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வீட்டிலிருந்து எவரும் புகைப்படம் கேட்டதாக நினைவில்லை.

ஆக வரி 120, காப்பீடு 58, உணவு 840, குளியல் 240, வழக்கமான மருத்துவம் 220, திராட்சை 260, விடுதி 630. மொத்தம் 2,368 யூரோ. யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும் இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். இத்தொகையை அறிந்ததும் பெரியப்பா மணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

எனினும், மணிக்குச் செலவே இல்லை என்னும் முடிவு ஆய்வுக்குரியது. காலையில் டீக்கடையில் பொறை, பகலில் வாத்தியார் வீட்டுத் தயிர்சாதம், மாலையில் மீன்காரம்மா கூடையிலிருந்து இரண்டு தலை, இரவில் பெரியம்மா போடும் இட்லி என்று நான்கு கைகள் அதற்குச் சோறு போடுகின்றன. செலவு தெரு முழுவதும் பரவியிருப்பதால் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. பெர்லினில் தெரு என்ற அமைப்பு நாய்க்கு இல்லை. அத்தெருவின் பங்கு முழுவதும் ஒரே வீட்டின் மேல் விழுகிறது.

சோற்றைத் தெரு பகிர்ந்துகொண்டதுபோல் ஊசியை எவரும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நரிகளுக்கான தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்து விமானத்திலிருந்தும் தூவி, ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் தரைவாழ் விலங்குகளிடம் இல்லை என்ற நிலையை ஜெர்மனி 2008-இல் எட்டியது. ஊரிலோ சென்ற ஆண்டு மேலத்தெரு நாய் பெரியம்மாவின் கெண்டைக்காலைக் கவ்வியபோது, அரசு மருத்துவமனைக்கு நான்கு முறை பேருந்தில் போய்வர நேர்ந்தது. அந்த நான்கு பயணச்சீட்டும், இழந்த நான்கு நாளும், இருபத்தெட்டு நாள் வீட்டில் எவரும் சரியாக உறங்காததும் நாய்ச் செலவில் சேரும், எழுதப்படவில்லை, அவ்வளவே.

ஆகவே புரூனோவின் குளியல்களில் ஒன்றை இவ்வாண்டு குறைத்து, அந்த 60 யூரோ அனுப்பப்பட்டிருக்கிறது. மணிக்கும் மேலத்தெரு நாய்க்கும், மீதியிருந்தால் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் மூன்றுக்கும், கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுமாறு பெரியப்பா கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

இப்படிக்கு,
தம்பி மகன்.

பின்குறிப்பு: புரூனோவின் கழுத்திலிருந்த, காலாவதியான நாய்வரி வில்லையும் உறையில் வைக்கப்பட்டுள்ளது. ஊசி போட்டபின் அதை மணியின் கழுத்தில் கட்டலாம். ஊராட்சித் தலைவர் கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளவும். நாய்க்கு வரி போடலாம் என்ற யோசனை அவருக்கு வந்துவிடக்கூடாது.